காந்தம் ஒட்டாத இடம்

கெட்டரிங்கில் எங்கள் வீட்டுக் கராஜ்
ஒன்றரைக் கார் அகலம்.
அரையில் மதியழகனின் சைக்கிள், துணி துவைக்கும் எந்திரம்,
வீடு மாறி மூன்று வருடமாகியும் பிரிக்காத பெட்டிகள்.
ஒன்றில், எழுபதில் பிறந்த டிரயம்ஃப் ஹெரால்ட்.
விற்றவர் அந்த நிறத்துக்கு ஏதோ பெயர் சொன்னார்,
எனக்கு அது நாவற்பழம்.

பானட்டை முன்பக்கம் சாய்த்தால்
முகம் மொத்தமும் திறந்துகொள்ளும்.
டயர்மேல் உட்கார்ந்தே எஞ்சினைப் பார்க்கலாம்.
நான் வேலை செய்யும் பல் லேபில்
இவ்வளவு சுகமான இருக்கை கிடையாது.

முன்சக்கர மூட்டுக்கு கிரீஸ் கூடாது, எண்ணெய்தான்,
மறந்தால் நடுரோட்டில் சக்கரம் மண்டியிட்டுவிடும் என்று
பார்த்தவர் எல்லாம் பயமுறுத்தினார்கள்.
அமாவாசைக்கு அமாவாசை விடுகிறேன்.
கணக்கு எப்படி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

வாங்கிய முதல் மாதம்
பின்சக்கர வளைவில் கடுகளவு கொப்புளம்.
நகத்தால் சுரண்டினேன், பட்டாணியாயிற்று.
ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்,
பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

சொத்தை என்றால் எனக்குத் தெரியும்.
பகலெல்லாம் முகம் பார்க்காத வாய்களுக்குப்
பீங்கான் பல் செய்கிறவள்.

பெயிண்டுக்குக் கீழே பூச்சு,
பூச்சுக்குக் கீழே கசக்கித் திணித்த செய்தித்தாள்.
எண்பத்து மூன்று, மார்ச்.
நீல மையில் பாதி போட்ட குறுக்கெழுத்து.
பதினொன்று கீழே தப்பு,
அடித்துத் திருத்தி மறுபடியும் தப்பு.

படுபாவி, என்றேன்.
இரண்டு குளிர்காலம் அவனைத் திட்டியபடியே
தகடு வெட்டினேன், வெல்டு வைத்தேன்,
ஸ்வெட்டரில் தீப்பொறி போட்ட ஓட்டைகள் ஏழு.

அவுண்டல் கார் காட்சிக்கு முந்தின நாள்
இடது கதவின் அடியில் அதே கடுகு.
கேஸ் சிலிண்டர் காலி.
கடை திங்கட்கிழமைதான்.

சமையலறைக்குப் போய்
நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்தேன்.
ஆனி இருபத்தொன்று, சனி,
ராகுகாலம் ஒன்பது முதல் பத்தரை,
சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர்.
கசக்கி உள்ளே திணித்து மேலே பூச்சு.
ஆறு அடுக்கு. ஒவ்வொன்றும் ஈரத்தாளில் தேய்த்து.
பல்லுக்குக்கூட நான் இவ்வளவு மினுக்கியதில்லை.
நள்ளிரவில் நாவற்பழம் பூசிவிட்டுக்
கையைப் பார்க்காமல் கழுவினேன்.

புல்வெளியில் நாற்பது கார்.
நடுவர் கிளெண்டா பாக்ஸ்டரிடம்
ஃபிளானல் துணியில் பொதிந்த சின்னக் காந்தம்.
பானட்டில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது,
என் இரண்டு குளிர்கால வளைவில் கெட்டியாய் ஒட்டியது.
இடது கதவின் அடியில் வழுக்கிப்
புல்லில் விழுந்தது.

குனிந்து எடுத்தார். என்னைப் பார்த்தார்.
"சுத்தமான கை" என்றார்,
பேனாவால் எதையோ அடித்தார்.

முதல் பரிசு
டிரெய்லரில் போர்வை போர்த்தி வந்த ஒன்றுக்கு.
டயர்ப் பள்ளங்களை அதன் உரிமையாளர்
டூத்பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
அன்று முழுக்க அது ஓடிய தூரம் பன்னிரண்டடி.

திரும்பும்போது பிரிக்ஸ்டாக் தாண்டி மழை.
வைப்பர் யோசித்து யோசித்து வீசியது.
கூரை ரப்பர் வழியே சொட்டு சொட்டாய்
என் வலது முழங்காலில் மட்டும்.
கதவை ஏதோ நோயாளி போல் பிடித்துக்கொண்டு
மதியழகன் கேட்டான்:
"தை பிறந்ததும் வெட்டி எடுத்துடுவியா?"
"ம்."
"மாட்டே."

மாட்டேன் போலத்தான் இருக்கிறது.
நாற்பது வருடம் கழித்து எவளோ ஒருத்தி
பிடி வரைக்கும் குத்திவிட்டு,
படிக்கத் தெரியாத எழுத்தை விளக்கில் பிடித்து
அவள் பாஷையில் என்னை நன்றாகத் திட்டட்டும்.
தயிர் மட்டும் அவளுக்குப் புரியப் போவதில்லை.

அந்தக் குறுக்கெழுத்து
மேசைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது.
பதினொன்றைத் திருத்திவிட்டேன்.
ஏழு குறுக்கே, ஐந்தெழுத்து.
எனக்கும் தெரியவில்லை.